காவிரி டெல்டாவில் சொந்தக் குளத்து நீர்ச்செடிகளையும் களைகளையும் பராமரித்தல்: முழுமையான வழிகாட்டி

மேட்டூர் அணையை ஜூன் 12 அன்று திறப்பதும் ஜனவரி 28 அன்று மூடுவதும் நெடுநாள் வழக்கம். அணையின் நீர் இருப்பைப் பொறுத்துத் தேதிகள் முன்பின் ஆகலாம். ஆனாலும் தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களில் பட்டா நிலத்தில் குளமோ பண்ணைக்குட்டையோ வைத்திருப்பவர், களை எடுக்கும் வேலையை இந்த இரண்டு தேதிகளை ஒட்டியே திட்டமிட வேண்டும். ஆற்றுத் தண்ணீர் வாய்க்கால் வழியே வரும்போது களையின் விதையும் துண்டுகளும் கூடவே வருகின்றன. ஐப்பசி, கார்த்திகை மழையில் குளம் நிரம்பிய பிறகு ஆள் இறங்கி வேலை செய்ய முடியாது. பங்குனி, சித்திரையில் தண்ணீர் வற்றித் தரை தெரியும்போதுதான் வேர் வரைக்கும் கை எட்டும். பருவம் பாராமல் எடுக்கும் களை, செலவழித்த கூலியின் ஈரம் காய்வதற்குள் திரும்பி வந்துவிடும்.

இன்னொன்றையும் தொடக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும். குளத்தில் களை மண்டுவதற்கு இரண்டு காரணங்களே பெரும்பாலும் இருக்கும்: குளம் தூர்ந்து ஆழம் குறைந்திருக்கும், வயலிலிருந்து யூரியாவும் டி.ஏ.பி.யும் கரைந்த நீர், மாட்டுக்கொட்டகைக் கழுவுநீர், வீட்டுச் சோப்புநீர் ஆகியவற்றில் ஏதோ ஒன்று அதில் வந்து கலந்துகொண்டிருக்கும். இவ்விரண்டையும் சரிசெய்யாமல் செடியை மட்டும் பறித்துக்கொண்டே இருப்பது ஆண்டுதோறும் ஒரே வேலையைத் திரும்பச் செய்வதாகவே முடியும்.

குளத்தை அளந்து பாருங்கள்

நீளத்தையும் அகலத்தையும் மீட்டரில் அளந்து பெருக்கினால் பரப்பு கிடைக்கும். ஒரு சென்ட் என்பது ஏறத்தாழ 40.5 சதுர மீட்டர். நூறு சென்ட் ஓர் ஏக்கர். நம் பக்கத்துக் கணக்கில் மூன்று மா ஓர் ஏக்கர். அடுத்து, அடி அளவு குறித்த மூங்கில் கழியைக் கரையோரத்திலும் நடுவிலுமாகப் பல இடங்களில் ஊன்றி, நீரின் ஆழத்தையும் சேற்றின் ஆழத்தையும் தனித்தனியாகக் குறித்துக்கொள்ள வேண்டும். நீருக்குள் வளரும் பாசியும் சம்பும் எங்கே வேர்விடக்கூடும் என்பதை இந்த அளவே காட்டிக்கொடுக்கும். குளத்துக்குள் வரும் மடை எது, வெளியேறும் மதகு எது, மழைக்காலத்தில் எந்தக் கரையிலிருந்து வெள்ளம் சரிகிறது என்பதையும் ஒரு தாளில் வரைந்து வைப்பது நல்லது. குளம் முழுவதும் பட்டாவுக்குள் அடங்குகிறதா, ஒரு பகுதி புறம்போக்கில் இருக்கிறதா என்பதையும் இப்போதே சரிபார்த்துக்கொள்ளுங்கள். பிறகு தூர்வாரும்போது சிக்கல் வராது.

எந்தச் செடி என்று இனம் காணுங்கள்

ஒரு களைக்குச் செய்யும் வேலை இன்னொன்றைப் பெருக்கிவிடும் என்பதால் இந்தப் படியில் அவசரம் கூடாது. நீர்ச்செடிகளை அவை வளரும் விதத்தை வைத்து நான்காகப் பிரித்துப் பார்த்தால் குழப்பம் இருக்காது.

முதல் வகை வேரைத் தரையில் ஊன்றாமல் மிதப்பவை. வெங்காயத்தாமரை இவற்றில் முதன்மையானது. ஆகாயத்தாமரை என்றும் அதையே பலர் சொல்கிறார்கள். தென் அமெரிக்காவின் அமேசான் படுகையைச் சேர்ந்த இந்தச் செடி, ஊதாப்பூவின் அழகுக்காகக் கொண்டுவரப்பட்டு நாடெங்கும் பரவியது. ஒரு செடியைக் கையில் தூக்கிப் பாருங்கள். இலைக்காம்பின் அடி உப்பிப் பஞ்சுபோல் காற்றறைகளுடன் இருக்கும். கருநீலம் பாய்ந்த வேர்கள் கொத்தாகத் தொங்கும். பக்கவாட்டில் ஓடும் தண்டின் நுனியில் அடுத்த செடி ஏற்கெனவே முளைத்திருக்கும். பூ வாடியதும் பூந்தண்டு தானாக வளைந்து நீருக்குள் தலையை விடும். விதை அப்படியே சேற்றில் இறங்கும். அந்த விதைகள் பதினைந்து ஆண்டுகளுக்கு மேலும் முளைப்புத்திறனோடு கிடக்கக்கூடியவை. ஆகவே பூப்பதற்கு முன்பே எடுத்துவிடுவது பாதி வேலையை முடித்ததற்குச் சமம். அந்தரத்தாமரை, முட்டைக்கோசைப் போல இலைகளை விரித்து மிதக்கும். மான்சோனியா என்னும் கொசுவின் புழுக்கள் இத்தகைய செடிகளின் வேரில் ஒட்டிக்கொண்டு அதிலிருந்தே மூச்சுவிடுகின்றன என்பதால், வீட்டை ஒட்டிய குளத்தில் இதை விட்டுவைக்கக் கூடாது. சால்வினியாவின் இலைமேல் நெருக்கமாக மயிர்கள் நிற்கும். ஒவ்வொரு மயிரின் நுனியும் நான்காகப் பிரிந்து மீண்டும் ஒன்றுகூடியிருப்பதை உருப்பெருக்கிக் கண்ணாடியில் காணலாம். தண்ணீர் அதில் ஒட்டாமல் உருண்டு ஓடுவதற்கு அதுவே காரணம். அசோலாவும் மிதப்பதே, ஆயினும் காற்றிலுள்ள தழைச்சத்தை நிலைநிறுத்துவதாலும் மாட்டுக்கும் கோழிக்கும் தீவனமாவதாலும் அதை அள்ளிப் பயன்படுத்திக்கொள்வதே முறை.

இரண்டாவது வகை நீருக்குள் மூழ்கி வளர்பவை. வேலம்பாசி என்று பொதுவாகச் சொல்லப்படும் ஹைட்ரில்லாவின் தண்டைச் சுற்றி ஒவ்வொரு கணுவிலும் மூன்று முதல் எட்டு வரை சிறு இலைகள் வட்டமாக நிற்கும். சேற்றுக்குள் பட்டாணி அளவில் சிறு கிழங்குகளை வைக்கும். நூல்நூலாகப் படரும் பச்சைப்பாசியையும் இந்த வகையில் சேர்த்துக்கொள்ளலாம்.

மூன்றாவது வகை கரையோரத்தில் வேர்விட்டு நீருக்கு மேலே நிமிர்பவை: சம்பு, கோரை, நெய்வேலிக் காட்டாமணக்கு. நான்காவது வகை தரையில் கிழங்கு வைத்து இலையை நீர்ப்பரப்பில் விரிக்கும் தாமரையும் அல்லியும்.

வேதாரண்யம், தலைஞாயிறு போன்ற கடலோரப் பகுதிகளில் உப்பேறிய குளங்களில் வெங்காயத்தாமரை நிலைக்காது. உப்பை அது தாங்குவதில்லை. அங்கே உள்ளவர்கள் கோரைக்கும் நூற்பாசிக்கும் மட்டும் திட்டமிட்டால் பெரும்பாலும் போதும்.

எவ்வளவு செடி இருக்க வேண்டும்

குளத்தை மொட்டையாக்குவது நல்லதன்று. பத்தில் ஒரு பங்கு முதல் ஐந்தில் ஒரு பங்கு வரையான பரப்பில் செடிகள் இருந்தால், மீன்குஞ்சுகள் ஒதுங்கவும், தவளையும் தட்டானும் பெருகிக் கொசுப்புழுவைக் குறைக்கவும், கரைமண் கரையாமல் நிற்கவும் உதவும். பொன்னாங்கண்ணி, வல்லாரை, நீராரை, நீர்முள்ளி ஆகியவை ஓரத்தில் இருந்தால் அப்படியே விட்டுவிடலாம். கரையின் மேற்புறத்தில் அருகும் வெட்டிவேரும் நல்ல பிடிப்பைத் தரும். அந்த ஐந்தில் ஒரு பங்கிலும் வெங்காயத்தாமரைக்கும் சால்வினியாவுக்கும் இடம் கிடையாது. அவற்றில் ஒரு செடிகூட மிஞ்சக்கூடாது.

மிதக்கும் களையை அகற்றும் முறை

ஏற்ற சூழலில் வெங்காயத்தாமரை இரண்டு வாரத்துக்குள் இரட்டிக்கும். குளப்பரப்பில் நூற்றில் ஒரு பங்கு மட்டும் அது இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், ஆறுமுறை இரட்டித்தவுடன் 64 பங்கு ஆகிவிடும். அதற்குப் பன்னிரண்டு வாரங்கள் போதும். ஒரு பங்காக இருக்கும்போது இரண்டு ஆள் அரைநாளில் முடிக்கக்கூடிய வேலையை, அறுபது பங்கான பிறகு இயந்திரம் வைத்துச் செய்ய நேரிடுகிறது. அடர்ந்து மூடிய இடத்தில் சதுர மீட்டருக்கு 20 கிலோவுக்கும் மேல் பச்சையாக எடை இருக்கும். அப்படியானால் பத்து சென்ட் குளத்திலேயே எட்டு டன் செடியைத் தூக்க வேண்டும். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டே கூலியும் வண்டியும் பேசுங்கள்.

வேலையைக் காற்றடிக்கும் திசையை வைத்துத் தொடங்குவது எளிது. ஆடிக் காற்றில் மிதக்கும் செடியெல்லாம் குளத்தின் கிழக்குக் கரையில் தானாகவே ஒதுங்கும். அப்போது நீண்ட மூங்கில்களைக் கயிற்றால் கோத்து ஒரு மிதவைச் சரமாக்கி, செடிக் கூட்டத்தைப் பின்னாலிருந்து வளைத்து, இரண்டு பக்கமும் ஆள் நின்று கரையை நோக்கி இழுக்க வேண்டும். நடுக்குளத்தில் சிதறியவற்றை எடுக்க வாழைத்தண்டுத் தெப்பமே போதும். கரையேற்றும்போது ஓடும் தண்டுகள் அறுந்து மிதக்கும். அவற்றைக் கொசுவலைத் துணி கட்டிய வளையத்தால் அரித்து எடுக்காவிட்டால் ஒவ்வொரு துண்டும் மீண்டும் ஒரு செடியாகும். சால்வினியாவுக்கு இந்த அரிப்பு வேலைதான் முக்கியம். ஒரு கணு மிஞ்சினாலும் அது மீண்டும் பரவும்.

மீன் இருக்கும் குளமானால் ஒரே நாளில் முழுப்பரப்பையும் கலக்கிவிடக் கூடாது. சேறு கிளறப்படும்போதும், அறுந்த செடிகள் நீரில் அழுகும்போதும் நீரில் கரைந்துள்ள ஆக்சிஜன் குறைந்து மீன்கள் திணறும். மூன்றில் ஒரு பங்கை எடுத்துவிட்டு, ஒரு வாரம் விட்டு அடுத்த பங்கை எடுப்பது பாதுகாப்பானது. வெயில் ஏறிய பிறகே குளத்தில் இறங்குங்கள். மேகமூட்டமான நாள்களைத் தவிருங்கள். ஆக்சிஜன் மிகக் குறைந்திருப்பது விடியற்காலையில்தான். அந்த நேரத்தில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால், மோட்டாரைப் போட்டுக் குளத்து நீரையே இறைத்து உயரத்திலிருந்து குளத்துக்குள் பீச்சிவிட வேண்டும்.

இறங்குகிறவர்களின் பாதுகாப்பைப் பற்றிச் சொல்லாமல் இதைக் கடக்க முடியாது. செடிப் படலத்துக்கு அடியில் பள்ளம் எங்கே இருக்கிறது என்பது தெரியாது. ஆகவே இடுப்பில் கயிறு கட்டாமலும் கரையில் துணை இல்லாமலும் யாரும் இறங்கக் கூடாது. குவித்த செடிக்குள் பாம்பு இருக்கலாம் என்பதால் கையை விடுவதற்கு முன் கழியால் புரட்டுங்கள். காலில் புண் உள்ளவர்கள் இறங்கினால் எலிக்காய்ச்சல் தொற்றும் அபாயம் உண்டு. முழங்கால் வரை ரப்பர் காலணியும் கையுறையும் வாங்கிக் கொடுப்பது குளத்துக்காரரின் பொறுப்பு.

ஆள் வைத்து எடுக்கவே முடியாத பெரிய, கைவிடப்பட்ட நீர்நிலைகளுக்கு நியோகெட்டினா என்னும் கூன்வண்டு ஒரு வழி. 1980களின் தொடக்கத்தில் பெங்களூரில் இந்திய ஆய்வாளர்கள் இதை அறிமுகப்படுத்தினார்கள். வெங்காயத்தாமரையை மட்டுமே உண்டு வாழும் இந்த வண்டின் புழு, இலைக்காம்பைக் குடைந்து செடியை நலிய வைக்கிறது. சால்வினியாவுக்கு வேறொரு கூன்வண்டு உண்டு. கேரளத்தில் அது மிக நல்ல பலனைக் கொடுத்தது. ஆனால் வண்டு வேலை செய்ய ஆண்டுக்கணக்கில் பொறுமை வேண்டும். பத்து, இருபது சென்ட் குளத்துக்குக் கையால் எடுப்பதே விரைவு, சிக்கனம்.

நீருக்குள் வளரும் பாசியும் புல்கெண்டையும்

வேலம்பாசியை அரிவாளால் அறுத்தால் ஒவ்வொரு துண்டும் வேர்விடும். அறுப்பு அதற்கு நாற்று நடுவதைப் போலாகிவிடும். இதற்குப் பொருத்தமான துணை புல்கெண்டை மீன். 1959இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட இந்த மீன், வேலம்பாசியையும் அசோலாவையும் விரும்பித் தின்னும். நாளொன்றுக்குத் தன் எடையில் பாதிக்குக் குறையாமல் உண்ணும். வெங்காயத்தாமரையையும் முற்றிய சம்பையும் அது சீண்டாது. இதை அறியாமல் வெங்காயத்தாமரைக் குளத்தில் புல்கெண்டை விட்டுவிட்டு ஏமாந்தவர்கள் பலர்.

விரல் நீளக் குஞ்சாக விட்டால் விரால் தின்றுவிடும். ஆகவே நூறு கிராமுக்கு மேல் வளர்ந்த மீன்களாகப் பார்த்து, ஏக்கருக்கு ஐம்பது முதல் நூறு வரை விடலாம். பாசி குறைவாக இருந்தால் எண்ணிக்கையையும் குறையுங்கள். வெளியேறும் மதகில் கம்பி வலை கட்டாயம் வேண்டும். புல்கெண்டையின் கழிவு நீருக்கு எருவாகி நுண்பாசியைப் பெருக்குவதால், அந்த நுண்பாசியை உண்ணும் வெள்ளிக்கெண்டையையும், கட்லா, ரோகுவையும் சேர்த்து வளர்ப்பது பொருத்தம். தேங்கிய குளத்தில் புல்கெண்டை இனப்பெருக்கம் செய்யாது. பிடித்துக் குறையும்போது மீண்டும் வாங்கி விட வேண்டும். குஞ்சு வாங்குவதற்கு முன் மாவட்ட மீன்வளத்துறை அலுவலகத்தில் கேட்பது நல்லது.

நீர் பச்சையாக இருப்பதெல்லாம் கேடில்லை. வெள்ளைத் தட்டு ஒன்றைக் கயிற்றில் கட்டி நண்பகலில் நீருக்குள் இறக்குங்கள். 30 முதல் 40 சென்டிமீட்டர் ஆழத்தில் தட்டு மறைந்தால் மீனுக்கு ஏற்ற நீர். 20 சென்டிமீட்டருக்குள்ளேயே மறைந்தால் சத்து மிகுந்துவிட்டது. சாணமும் உரமும் போடுவதை உடனே நிறுத்த வேண்டும். நீலப்பச்சை நிறத்தில் வண்ணப்பூச்சைக் கொட்டியதுபோல் கரையோரம் படலம் ஒதுங்கினால், மாடுகளை அந்த நீரைக் குடிக்க விடாதீர்கள். அத்தகைய பாசிகளில் சில நஞ்சு சுரப்பவை.

சம்பும் கோரையும் காட்டாமணக்கும்

சம்பின் இலைக்குள் ஓடும் காற்றுக்குழாய்கள் வழியாகவே சேற்றுக்குள் இருக்கும் கிழங்குத்தண்டுக்கு மூச்சு போகிறது. அந்த வழியை அடைத்துவிட்டால் கிழங்கு அழுகும். டெல்டாவின் நீர்வரத்து இதற்கு வெகு பொருத்தமாக அமைந்திருக்கிறது: வைகாசிக் கடைசியில், தண்ணீர் வருவதற்குச் சற்று முன், சம்பைத் தரையோடு ஒட்ட அறுத்துவிட வேண்டும். பிறகு குளம் நிரம்பும்போது அடிக்கட்டைகள் நீருக்குள் மூழ்கும். அறுத்த இடத்துக்கு மேல் ஒரு சாணுக்குக் குறையாமல் நீர் நிற்க வேண்டும். தப்பித்து மேலே வரும் குருத்துகளை நீருக்கு அடியில் கைவிட்டு மறுபடியும் அறுத்தால், அந்தப் பருவத்திலேயே பெரும்பகுதி ஒழியும். கோரைக்கு இந்த முறை முழுப்பலன் தராது. அதைக் கிழங்கோடு கிளறித்தான் எடுக்க வேண்டும்.

நெய்வேலிக் காட்டாமணக்கின் தண்டு ஈரமண்ணைத் தொட்டால் வேர்விடும். வெட்டிக் கரையிலேயே போடாமல், வேரோடு பெயர்த்து, வெயில் காயும் மேட்டில் தண்டு முறியும் பதம் வரும் வரை உலர்த்துங்கள். ஆடுகளுக்கு இது நஞ்சு. உலர்த்தும் இடத்தில் மேயவிடாதீர்கள்.

தாமரையும் அல்லியும் களையாவது குளத்தை முழுதும் மூடும்போது மட்டுமே. பூ விற்பவர்களுக்கும் கோயிலுக்குக் கொடுப்பவர்களுக்கும் அது வருமானமும் மனநிறைவும் தருவது. ஒரு மூலையில் அடக்கி வைக்க, எல்லைக்கு வெளியே வரும் இளஞ்சுருள் இலைகளை வாரந்தோறும் நீருக்குள்ளேயே கிள்ளிக்கொண்டிருந்தால் கிழங்கு இளைத்துப் பின்வாங்கும். தாமரைக் குளத்தில் புல்கெண்டை வேண்டாம்.

மருந்தடிப்பது பற்றி

நெல்வயலுக்கு வாங்கிய களைக்கொல்லி மிச்சமிருக்கிறது என்று குளத்தில் அடிப்பதை நான் எந்த நிலையிலும் பரிந்துரைக்க மாட்டேன். மருந்தில் மடிந்த செடி அப்படியே மூழ்கி அழுகி நீரின் ஆக்சிஜனைத் தின்னும். அதிலிருந்த சத்து முழுவதும் சேற்றுக்கே திரும்பி அடுத்த களைக்கு உரமாகும். 2,4-டி என்னும் களைக்கொல்லியைத் தூவும்போது காற்றில் போகும் சாரல், பக்கத்திலுள்ள பருத்தியையும் உளுந்தையும் வெற்றிலைக் கொடிக்காலையும் கருக்கிவிடும். பாராகுவாட் என்னும் இன்னொரு களைக்கொல்லி மனித உடலுக்குள் போனால் முறிவு மருந்தே கிடையாது. பாசிக்குப் போடும் மயில்துத்தம் அளவு சற்று மீறினாலும் மீனைக் கொல்லும். கைவேலையால் முடியாத நிலை என்று தோன்றினால், வேளாண் அறிவியல் நிலையத்தையோ நாகப்பட்டினத்திலுள்ள மீன்வளப் பல்கலைக்கழகத்தையோ அணுகிக் குளத்தை நேரில் காட்டுங்கள்.

கரையேற்றிய செடியை என்ன செய்வது

வெங்காயத்தாமரையின் எடையில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கும் மேல் தண்ணீர். கரையிலேயே குவித்தால் அதன் சாறு மழையில் மீண்டும் குளத்துக்குள் இறங்கும். ஆகவே குளத்தைவிட்டு விலகிய மேட்டில் இரண்டு மூன்று நாள் பரப்பி வாடவிட்டு, துண்டாக நறுக்கி, ஓர் அடி செடி, அதன்மேல் சாணக்கரைசல், மெல்லிய மண் என்று மாற்றி மாற்றி அடுக்க வேண்டும். பதினைந்து நாளுக்கு ஒருமுறை புரட்டினால் இரண்டு, மூன்று மாதத்தில் மக்கும். குவியலுக்குள் கைவைக்க முடியாத சூடு வந்தால்தான் விதை சாகும். பூத்த செடிகளைக் குவியலின் நடுவில் போடுங்கள். தென்னைக்கும் வாழைக்கும் அடியில் வெறுமனே மூடாக்காகவும் போடலாம். சாக்கடையோ ஆலைக்கழிவோ கலக்கும் குளத்துச் செடி கன உலோகங்களை உறிஞ்சியிருக்கும் என்பதால், அந்த எருவைக் கீரைக்கும் காய்கறிக்கும் இடக்கூடாது. எடுத்த செடியைப் பொது வாய்க்காலில் தள்ளிவிடுவது கடைமடை விவசாயியின் வயிற்றில் அடிப்பது. அதை ஒருபோதும் செய்யாதீர்கள்.

கோடையில் தூர்வாருதல்

நீர் வற்றியதும் தரை பாளம்பாளமாக வெடிக்கும் வரை காயவிடுங்கள். பிறகு கறுத்த வண்டலை மட்டும் வழித்தெடுங்கள். வேலம்பாசிக் கிழங்கும் வெங்காயத்தாமரை விதையும் படிந்த சத்தும் இந்த வண்டலில்தான் இருக்கின்றன. அதற்குக் கீழே உள்ள இறுகிய களிமண்ணைத் தோண்டிவிட்டால் குளத்தில் நீர் நிற்காது. நடுவில் நீர் ஆழம் ஒன்றரை மீட்டருக்குக் குறையாமலும், கரையிலிருந்து சில அடியிலேயே முக்கால் மீட்டர் ஆழம் வரும்படியும் சரிவு அமைத்தால் சம்புக்கும் பாசிக்கும் இடம் சுருங்கும். குழந்தைகளும் மாடுகளும் இறங்கும் படித்துறைப் பக்கத்தை மட்டும் சாய்வாக விடுங்கள். வண்டலைச் சொந்த வயலில் பரப்புவது நல்ல உரம். வெளியே ஏற்றிச் செல்வதாக இருந்தால் வட்டாட்சியர் அலுவலகத்தில் முன்னதாக அனுமதி பற்றிக் கேட்டுக்கொள்ளுங்கள். மீன் வளர்ப்பவர்கள் ஏக்கருக்கு நூறு முதல் இருநூறு கிலோ சுண்ணாம்பைத் தரையில் தூவி, ஒரு வாரம் கழித்து நீர் விடலாம்.

மடையைக் காத்தல்

ஆற்றில் வரும் முதல் தண்ணீர் வாய்க்காலில் நான்கு மாதத்துக்கும் மேலாகக் கிடந்த குப்பையையும் களையையும் வாரிக்கொண்டு வரும். அதைக் குளத்துக்குள் விடாமல் இரண்டு மூன்று நாள் ஓடவிடுங்கள். பிறகு மடைவாயில் மூங்கில் தட்டியும், அதன் உட்புறம் நெருக்கமான வலையும் வைத்து நீரை எடுங்கள். முதல் வாரம் தட்டியை நாள்தோறும் காலையில் துப்புரவு செய்யாவிட்டால் அடைத்துக்கொண்டு நீர் கரையை உடைக்கும். வயல் வடிகாலைக் குளத்தில் சேர்ப்பதைத் தவிர்க்க முடியாதவர்கள், குளத்துக்கு முன் ஒரு சிறு பள்ளம் வெட்டி, நீர் அதில் தேங்கித் தெளிந்து பிறகு வழியும்படி செய்யலாம். மேலுரம் இட்ட ஒரு வாரத்துக்கு அந்த நீரை உள்ளே விடவே வேண்டாம். மீன்குஞ்சோ தாமரைக் கிழங்கோ வெளியிலிருந்து வாங்கி வந்தால், அவற்றோடு வந்த நீரைக் குளத்தில் ஊற்றாமல் தென்னைக்கு ஊற்றுங்கள். கிழங்கைத் தொட்டியில் போட்டு இரண்டு வாரம் வைத்திருந்து, சால்வினியாவோ பாசியோ முளைக்கவில்லை என்று உறுதியான பிறகு குளத்தில் நடுங்கள்.

ஆனியிலிருந்து தை வரை வாரம் ஒருமுறை கரையைச் சுற்றி வந்து, மடைவாய், காற்று ஒதுக்கும் மூலை, படித்துறை இடுக்கு ஆகிய மூன்று இடங்களையும் குனிந்து பார்க்க வேண்டும். புதிய செடி பெரும்பாலும் இவற்றில் ஏதேனும் ஓர் இடத்தில்தான் முதலில் தென்படும். கண்டவுடன் கையோடு எடுத்து வெயிலில் போட்டுவிடுங்கள். பெருமழையில் கரை வழிந்து பக்கத்துக் குளத்து நீர் கலந்திருந்தால், மழை விட்டதும் அடுத்த இரண்டு வாரங்களுக்கு இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை சுற்றிப் பாருங்கள்.